கோபம் என்று எழுதிக்கொடுத்த மெக்கானிக்

அந்தத் தையல் கம்பெனியில் மெஷின் மக்கர் செய்தால் பெண்கள் ஒரு கையைத் தூக்குவார்கள். தூக்கிய கை வலிப்பதற்குள் மெக்கானிக் அங்கே நிற்பார். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். பத்தொன்பது வயதில் எண்ணெய் துடைக்கிற பழந்துணியோடு உள்ளே நுழைந்தவர், நாற்பத்தொன்றில் மூன்று லைன், நூற்றிருபது மெஷினுக்கும் பொறுப்பாளர். அவருக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. அந்த இரைச்சலுக்குள்ளே நடந்து போகும்போதே திடீரென்று நின்று, "இந்தாம்மா, உன் மெஷினுக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்கு, ஊசியை மாத்து" என்பார். பெண்கள் சிரிப்பார்கள். அவருடைய மனைவிக்கு மட்டும் இதில் பெருமை கிடையாது. "ஊரு மெஷின் எல்லாம் உங்க கை பட்டா ஓடுது. நம்ம வீட்டு ஃபேன் மூணு மாசமா கடகடங்குது, அதுக்கு எப்போ ஜலதோஷம் போகும்?" என்று கேட்பாள்.

அவரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. கழற்றுகிற எந்தச் சாமானையும் அவர் கலந்து போக விடமாட்டார். ஒவ்வொரு மெஷினின் தகடு, மூடி, கம்பி எல்லாவற்றிலும் அந்த மெஷினின் லைனையும் எண்ணையும் சின்ன உளியால் அடித்து வைத்திருந்தார். வேறு கம்பெனியிலிருந்து மெக்கானிக்குகள் வந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, பள்ளிக்கூடத்துப் பசங்க தட்டுல பேர் அடிச்ச மாதிரி அடிச்சிருக்கீங்க" என்று கேலி செய்வார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். ஒரு மெஷினின் சாமான் இன்னொன்றில் சரியாக உட்காராது என்பது அவர் கட்சி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கம்பெனியை மூடிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த நாற்பது பெண்கள் இந்தக் கம்பெனிக்கு வேனில் வர ஆரம்பித்தார்கள். மூன்றாவது லைனில் அவர்களை உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாளில் குடும்பத்தோடு இந்தப் பக்கமே குடிவந்துவிட்டார்கள். அக்கரைக்காரர்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் பேசியதும் இதே பாஷைதான், வாக்கியம் முடிகிற இடத்தில் கொஞ்சம் இழுப்பார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அவர்கள் மெக்கானிக்கின் வேலையைப் பிடுங்கவில்லை. அவர் பிடிக்கிற பஸ்ஸில் இடம் பிடிக்கவில்லை. அவர் தெருவில்கூடக் குடியிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அவரே எத்தனையோ முறை உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். அவர்கள் தனக்குச் செய்த கெடுதல் என்று விரல் மடக்க ஒன்றுகூட அகப்படவில்லை.

ஆனால் பேச்சு இருந்தது. மச்சினன் சாயங்காலமானால் வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவான்.

"மாமா, இன்னிக்கு நாப்பது பேரு. நாளைக்கு நானூறு பேரு. அப்புறம் நீங்க அவங்ககிட்ட லீவு கேட்டு நிப்பீங்க, பாருங்க."

"ஏன் மாப்ள, அதுங்க பாட்டுக்குத் தைக்குதுங்க."

"தைக்குதுங்களா? சிரிக்கிறதைப் பாத்திருக்கீங்களா? நம்மளைப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க. நீங்க வெள்ளந்தி, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

மெக்கானிக் முதலில் பதில் சொன்னார். பிறகு தலையை மட்டும் ஆட்டினார். ஆறு மாதம் போனபின் அவரே எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். "அந்த லைன்ல மட்டும் எப்பவும் குப்பை மாப்ள" என்பார். குப்பை எல்லா லைனிலும்தான் இருந்தது. கூட்டுகிறவருக்குத் தெரியும். மெக்கானிக்கின் கண்ணுக்கு மட்டும் ஒரு லைனில் தெரிந்தது.

மூன்றாவது லைனில் பதினாலாம் மெஷின். அதில் ஓர் அக்கரைப் பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயதிருக்கும், கல்யாணமானவள். வேலையில் சுத்தம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கையைத் தூக்கினாள். "அண்ணே, நூல் அடிக்கடி அறுந்து போகுது, கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அவர் உட்கார்ந்து பார்த்தார். ஊசிக்கு முன்னால், விரல் அடியில் போய்விடாமல் தடுக்க, கம்பியில் ஒரு சின்னத் தடுப்பு இருக்கும். கார்டு என்பார்கள். அதைக் கழற்றித்தான் உள்ளே பார்க்க வேண்டும். கழற்றினார், பார்த்தார், சரிசெய்தார். திரும்ப மாட்டுவதற்காகக் கார்டைக் கையில் எடுத்தார்.

அந்தச் சமயத்தில் அவள் பின்னால் நின்று பக்கத்து மெஷின்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அதே இழுப்பு. அவருக்குள் ஒன்று கசந்தது. 'இதுங்களுக்கு இதெல்லாம் ஒரு கேடா' என்று நினைத்தார். கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கார்டு உடைஞ்சிருக்கு. புதுசு வரணும். அது வரைக்கும் இப்படியே ஓட்டு."

"சரிண்ணே" என்றாள் அவள்.

அவர் போய் அந்த லைனின் ரிஜிஸ்டரில் 'பதினாலு: கார்டு சரி' என்று எழுதினார். கார்டைத் தன் மேஜை இழுப்பறையில் போட்டார். அவ்வளவுதான் நடந்தது. சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார்.

ஒன்பதாவது நாள் ஊசி அவள் ஆள்காட்டி விரலில் இறங்கியது. நகத்தைத் துளைத்து, எலும்பில் பட்டு முறிந்தது. அவள் போட்ட சத்தம் மூன்று லைனையும் நிறுத்தியது. மெஷினின் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றி விரலை விடுவித்தது மெக்கானிக்தான். அவர் கை நடுங்கவில்லை. அந்த விஷயம் அவரைப் பிற்பாடு மிகவும் வெட்கப்படுத்தியது.

அன்றைக்கே உதவி மேனேஜர் பதினாலாம் மெஷினுக்கு மாட்ட ஏதாவது கார்டு இருக்கிறதா என்று மெக்கானிக்கின் இழுப்பறையைத் திறந்தார். உடையாத கார்டு ஒன்று, சுத்தமாக, மேலாகவே கிடந்தது. அதில் அழகாக 'மூணு, பதினாலு' என்று அடித்திருந்தது. கம்பெனியில் வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும், "அது எந்த மெஷினோடதோ, யாருக்குத் தெரியும்" என்று சொல்லித் தப்பித்திருப்பார்.

விசாரணை என்றார்கள். அதற்கு முந்தின நாள் தொழிற்சங்கச் செயலாளர் அவரைக் கேன்டீன் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"ஏன்யா, மறந்துட்டேன்னு சொல்ல முடியாதா?"

"ரிஜிஸ்டர்ல சரின்னு எழுதியிருக்கேன். அவகிட்ட உடைஞ்சிருக்குன்னு சொல்லியிருக்கேன்."

"நல்லா மாட்டியிருக்கய்யா. ஆணி அடிச்ச மாதிரி மாட்டியிருக்க." செயலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, கேளு. போன வருஷம் அக்கரைப் பொண்ணுங்க சாப்பாட்டுல எவனோ அழுக்குத் தண்ணி ஊத்தினானே, அதுக்கப்புறம் ஒரு நோட்டீஸ் ஒட்டினாங்க, ஞாபகம் இருக்கா? ஒருத்தர் எந்தப் பக்கத்து ஆளுங்கறதுக்காகக் கெடுதல் பண்ணா, வேலையும் போகும், போலீஸும் வரும். ஆனா சொந்தச் சண்டைன்னா பதினஞ்சு நாள் சஸ்பென்ஷன். அவ உன்னை ஏதாவது திட்டினாளா?"

"இல்லையே."

"திட்டினா. நல்லா யோசிச்சுப் பாரு. எல்லாரும் பாக்க, 'நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா'ன்னு திட்டினா. உனக்கு ரோஷம் வந்துச்சு. மனுஷன்தானே? கோபத்துல பண்ணிட்டே."

மெக்கானிக் அப்படியே எழுதிக்கொடுத்தார். 'கோபத்தில் செய்துவிட்டேன்' என்று எழுதும்போது பேனா தடுக்கவில்லை. கோபம் என்பது நல்ல வார்த்தையாகவே அவருக்குத் தோன்றியது. கோபம் யாருக்கும் வரும். ரோஷமுள்ளவனுக்கு வரும்.

விசாரணை அறையில் நிர்வாக அதிகாரி அம்மாள் அந்தக் கடிதத்தை வாசித்தார். எதிர் நாற்காலியில் பதினாலாம் மெஷின் பெண், கட்டுப்போட்ட விரலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இவரை நீ திட்டினியாம்மா?"

'இல்லை' என்று அவள் கத்துவாள் என்றுதான் மெக்கானிக் எதிர்பார்த்தார். அதற்கான பதிலைக்கூடச் செயலாளர் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் அவள் கத்தவில்லை. புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். தன் ஞாபகத்தையே துருவித் துருவித் தேடுவது முகத்தில் தெரிந்தது.

"திட்டின மாதிரி இல்ல மேடம். ஆனா டார்கெட் அவசரத்துல சத்தமா கூப்பிட்டிருப்பேனோ என்னமோ. சிரிச்சதைத் தப்பா எடுத்துக்கிட்டாரோ என்னமோ." பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "தப்பா ஏதாவது சொல்லியிருந்தா மன்னிச்சுக்கங்க அண்ணே. நானும் உங்களை மன்னிச்சுட்டேன். எனக்கு வேலை இருந்தாப் போதும்."

அதையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வலது கையில் கட்டு இருந்ததால் இடது கையால் போட்டாள். வெளியே வந்ததும் செயலாளர் மெக்கானிக்கின் முதுகில் தட்டினார். "தங்கமான பொண்ணுய்யா, பொழச்சுக்கிட்டே" என்றார். மெக்கானிக்குக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்து தன்னை விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

பதினைந்து நாள் வீட்டில் இருந்தார். ஃபேனைச் சரிசெய்தார். மனைவி கேட்டாள், "அப்படி என்னங்க திட்டினா உங்களை?"

"விடு."

"என்ன விடறது? இருபத்திரண்டு வருஷமா யார்கிட்டயும் ஒரு சொல்லு கேட்டதில்ல நீங்க. அவ நாக்கை..." என்று ஆரம்பித்து, அவள் அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி பேசினாள். இதுவரை அக்கரைக்காரர்களைப் பற்றி ஒன்றுமே சொல்லாதவள். மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு கேட்டார். தான் எழுதிய பொய் தன் வீட்டு அடுப்பில் கொதிப்பதை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சினன் வந்தபோது மட்டும் உண்மையைச் சொன்னார். அவன் தோளைக் குலுக்கினான்.

"விரலுக்குக் காரணம் தெரியுமா மாமா? ஊசி ஏறினா வலிக்கும். நீங்க கோபத்துல கழட்டினாலும் அதே வலிதான், அவங்களைப் பிடிக்காமக் கழட்டினாலும் அதே வலிதான். காரணத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? ஊறுகாயா போடறது?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதையே பிடித்துக்கொள்ளப் பார்த்தார். குளிக்கும்போது, முகம் வழிக்கும்போது எல்லாம் வலி ஒன்றுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பதினாறாவது நாள் வேலைக்குப் போனார். முதல் லைனில் கேலி செய்து வரவேற்றார்கள். "அண்ணே, மாமனார் வீட்டு விருந்தெல்லாம் முடிஞ்சுதா?" என்றார்கள். மூன்றாவது லைனில் பேச்சில்லை. அங்கே கைகளும் எழவில்லை. அவருடைய காதுக்கு உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. ஐந்தாறு மெஷின்கள் தையல் விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம் போட்டது. அதில் இருந்தவளிடம் போனார்.

"என்னம்மா இது, காது கிழியுது. ஏன் என்னைக் கூப்பிடல?"

அவள் நிமிரவில்லை. "பரவால்லண்ணே. ஓடுது."

"இது ஓடறதா? விரல் போயிடும்."

"பரவால்லண்ணே" என்று மறுபடியும் சொன்னாள். குரல் கெஞ்சியது.

அன்று தண்ணீர் குடிக்கப் போனபோது, புதிதாகச் சேர்ந்த ஒருத்திக்கு ஓர் அக்கரைப் பெண் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டார். "மெஷின் நின்னா உடனே கையைத் தூக்கிடாதே. முடிஞ்ச வரைக்கும் சமாளி. கூப்பிட்டே ஆகணும்னா மெதுவா கூப்பிடு, சிரிக்காதே. பதினாலு சிரிச்சுத்தான் விரலைக் கெடுத்துக்கிட்டா."

டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். தான் எழுதிக்கொடுத்த இரண்டு வரி அங்கே சட்டமாகிவிட்டது. அவர்கள் எல்லோரும் அதற்குப் பயந்து ஒழுங்காக நடந்துகொண்டிருந்தார்கள். எப்படி நடந்தாலும் அது உதவப்போவதில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மச்சினன் சொன்ன கணக்கு அந்த இடத்தில் உடைந்தது. விரலுக்குக் காரணம் தெரியாதுதான். ஆனால் விரல் தனியாக வாழ்வதில்லை. அதற்குப் பின்னால் ஒரு மனுஷி இருக்கிறாள். 'நான் என்ன செய்தேன்' என்று அவள் யோசிக்கிறாள். சண்டைக்குச் சமாதானம் உண்டு. இனிமேல் இப்படிப் பேசக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொள்ளலாம். அவர் கார்டைக் கழற்றியதற்கோ அவள் ஒன்றுமே செய்திருக்க வேண்டாம், இருந்தாலே போதும்.

அந்தப் பெண் இப்போது மெஷினில் இல்லை. விரல் மடங்காததால் ஜன்னலோரம் நூல் பிசிறு வெட்டுகிற மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனார். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா. விரல் எப்படி இருக்கு?"

"இருக்குண்ணே."

"நீ என்னைத் திட்டல."

அவள் கத்திரியைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள்.

"சத்தமாவும் கூப்பிடல. சிரிச்சதுலயும் ஒண்ணும் இல்ல. நான் பொய் எழுதிக் குடுத்தேன். நீ அக்கரைக்காரிங்கறதுக்காகத்தான் கார்டைக் கழட்டினேன். வேற ஒரு காரணமும் கிடையாது."

அவள் கத்திரியைக் கீழே வைத்தாள்.

"அப்போ நான் எதுவுமே பண்ணலியா?"

"எதுவுமே பண்ணல."

"இருபது நாளா மண்டையை உடைச்சுக்கிட்டேன்" என்றாள். குரல் உயர ஆரம்பித்தது. "என்னிக்கு என்ன சொன்னேன், எப்படி நின்னேன்னு ஒவ்வொரு நாளா எடுத்துப் பாத்தேன். 'உன் வாய்தான் உன் விரலைக் குத்துச்சு'ன்னு எங்க மாமியார் தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னாங்க. நானும் ஆமாம்னு தலையாட்டினேன். நாத்தனார் வர்ற ஒண்ணாந்தேதி இங்க வேலைக்குச் சேர்றா. 'அண்ணி மாதிரி வாயாடாதே'ன்னு அவளுக்குத் தினமும் பாடம் நடக்குது!"

"மன்னிச்சிடும்மா."

"மன்னிச்சேனே! அந்த ரூம்ல வெச்சு மன்னிச்சேனே! அது கோபக்கார மனுஷனை மன்னிச்சது. கோபம்னா எனக்குப் புரியும், எங்க வீட்டுக்காரருக்கும் வரும். நீங்க வேற ஆளு. அந்த மன்னிப்பை நான் திருப்பி எடுத்துக்கறேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, கொஞ்சம் தணிந்து சொன்னாள்: "முதல்ல ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. அப்புறம் வீட்டுக்கு வந்து எங்க மாமியார்கிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

நிர்வாக அதிகாரி அம்மாளுக்குப் புதுக் கடிதத்தைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது.

"முடிஞ்சு போன விஷயம். அவங்களும் மன்னிச்சுட்டாங்க, நீங்களும் தண்டனையை அனுபவிச்சுட்டீங்க. காயம் அன்னிக்கும் அதே காயம், இன்னிக்கும் அதே காயம். எதுக்கு இப்போ உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க?"

மெக்கானிக்குக்குப் பேச்சு அவ்வளவாக வராது. மெஷினைப் பற்றியென்றால் பேசுவார். திக்கித் திக்கிச் சொன்னார்: "அந்தக் கடிதத்துல பாதித் தப்பு அவ பேர்ல இருக்கு மேடம். அவளுக்கு அதுல பங்கே கிடையாது. முழுசும் என்னோடது."

"வேலை போயிடும். போலீஸுக்கும் அனுப்பியாகணும். என் கையில இல்ல."

"தெரியும் மேடம். அவ மன்னிப்புக் கேட்டு எழுதின தாளை மட்டும் கிழிச்சுடுங்க."

"ஃபைல்ல போனதைக் கிழிக்க முடியாது. இதை மேல வேணா வைக்கலாம்."

சரி என்றார். அவள் இடது கையால் போட்ட கையெழுத்து எத்தனை வருஷமானாலும் அடியில் இருந்துகொண்டே இருக்கும் என்று நினைத்தபோது அவருக்குக் காது மடல் சுட்டது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து அவள் முன்னால் நடந்தாள். அவர் பத்தடி பின்னால் போனார். ரயில் பாதையை ஒட்டி, அக்கரைக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகள். மூன்றாவது வீட்டுப் படியில் அவளுடைய மாமியார் உட்கார்ந்து பழைய பாவாடை ஒன்றின் கரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாத்தனார், பதினெட்டு வயதுப் பெண், எதையோ தின்றபடி நின்றாள்.

"அத்தை, இவரு கம்பெனி மெக்கானிக். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

மாமியார் சட்டென்று எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள். "வாங்க தம்பி, உள்ள வாங்க. இவ ஏதோ அறியாம வாயை விட்டுட்டா. நீங்க மனசுல வெச்சுக்கக் கூடாது" என்றாள். அவரைக் குற்றவாளியாக அவள் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டு போனவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி பேசினாள். நாற்காலியை எடுத்து வரச் சொல்லிப் பெண்ணை விரட்டினாள்.

"நாற்காலி வேண்டாம்மா" என்றார் மெக்கானிக். "உங்க மருமக ஒண்ணும் சொல்லல. ஒரு தப்பும் பண்ணல. நான்தான் வேணும்னு பண்ணேன்."

"வேணும்னா? அவமேல உங்களுக்கு என்ன தம்பி விரோதம்?"

"அவமேல இல்லம்மா." கம்பெனியில் ஒருத்தியிடம் சொல்லிவிட முடிந்தது. இங்கே இந்த முகத்தைப் பார்த்துச் சொல்வது, இவளையும் சேர்த்துத் திட்டுவதுபோல இருந்தது. "நீங்கள்லாம் அக்கரையிலிருந்து வந்தவங்கன்னு. அதுக்காக."

மாமியாரின் கையிலிருந்த துணி அசையாமல் நின்றது. மருமகளை ஒரு தரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகத்தான் மருமகள் அவரைக் கூட்டிவந்திருந்தாள். அது அவளுக்குக் கிடைத்துவிட்டது. அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அண்ணியோட சீட்டுலதான் என்னை உக்கார வெக்கப்போறாங்களாம்" என்றாள். "அன்னிக்கு அந்த மெஷின்ல நான் இருந்திருந்தா?"

பொய் சொல்ல அவரிடம் இன்னும் இடமிருந்தது. சின்னப் பெண். ஒன்றாம் தேதி வேலைக்குப் போக வேண்டியவள்.

"உன் விரல்தாம்மா" என்றார்.

அவள் நாற்காலியை விட்டுவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். மாமியார் அவளையும் மருமகளையும் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். கதவுத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு பக்கத்து வீட்டுத் தாழ்ப்பாளும் விழுந்தது. யாரோ உள்ளேயிருந்து கேட்டிருக்கிறார்கள். மெக்கானிக் வெறும் நாற்காலியின் முன்னால் நின்றார். அந்த வரிசையைத் தாண்டித்தான் தெருமுனைக்குப் போக வேண்டும். அவர் நடக்க நடக்க, ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் நின்றவர்கள் உள்ளே போனார்கள்.